மாங்காய்ப் பச்சை

"உன்னை மாதிரியே வேற யாராவது எழுத முடியுமா, விமல்?"

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞன் சிரித்தான். கிளைச் சிறையில் இருப்பவன் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. நல்ல சமையல்காரனிடம் பாக்கெட் சாம்பாரைப் பற்றிக் கேட்டால் வருமே, அந்தச் சிரிப்பு.

"பாத்து வரையலாமுங்க மேடம். எழுத முடியாது."

ராஜகுமாரி கண்களை மூடிக்கொண்டாள். சப்-இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, குன்னூரில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் அவள். முக்கியமான பதில்களைக் கண்ணை மூடித்தான் கேட்பாள். முகம் பொய் சொல்லும், குரலுக்கு அந்த அளவு சாமர்த்தியம் கிடையாது என்பது அவள் கட்சி.

"மேடம் தூங்கிட்டாங்கன்னு நினைச்சுக்காத தம்பி" என்றான் பக்கத்திலிருந்த ஒச்சப்பன். "தூங்கினா குறட்டை வரும். ஆபீஸ்ல தினமும் கேக்கறேன்."

ஒச்சப்பன் அவளுடைய உதவியாளன், டிரைவர், தேவைப்பட்டால் டீ வாங்கி வருகிறவன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து மலையேறி வந்து மளிகைக் கடை வைத்த குடும்பம். தன் பெயரைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே முந்திக்கொண்டு சிரித்துப் பழகியவன். அந்தப் பழக்கம் எல்லா விஷயத்துக்கும் பரவிவிட்டது.

வழக்கு இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டின் தேயிலைக் கிடங்கு எரிந்தது. கிடங்கை ஒட்டிய சிறு அறையில் இருந்த வாட்ச்மேன் பரமசிவன் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எரியாமல் நின்ற ஒரே சுவரில், கறுப்புப் பெயிண்டில், ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு சொல்: வந்தவன்.

அந்தச் சொல் மலைக்குப் புதிதல்ல. இரண்டு வருடமாக ஊட்டியிலும் குன்னூரிலும் கூடலூர் ரோட்டிலும் யாரோ ஒருவன் அதை எழுதிக்கொண்டிருந்தான். யார் என்று போலீசுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. தீப்பிடித்ததும் அரைகுறை முழுசாகிவிட்டது. திங்கட்கிழமை விடியும்போது விமலைத் தூக்கிவிட்டார்கள்.

ராஜகுமாரி கிடங்குச் சுவரின் புகைப்படத்தை வலையோடு ஒட்டிப் பிடித்தாள்.

"இதுல என்ன தப்புன்னு சொல்லு."

விமல் கொஞ்ச நேரம் பார்த்தான். முகம் சுளித்தது.

"கறுப்பு வாங்கி எழுதிருக்கான். நான் பெயிண்ட் வாங்கவே மாட்டேனுங்க. வேலை பாக்கற டிங்கரிங் ஷாப்புல வண்டிக்கு அடிச்சு மிச்சம் ஆகற கலர்தான். அந்த வாரம் என்ன வண்டி வந்துச்சோ அதுதான் என் கலர். அப்புறம் இந்த ந்-னாவைப் பாருங்க. மேல புள்ளி வெச்சிருக்கான், வாத்தியார் திட்டுவாருன்னு பயந்தவன் மாதிரி. நான் புள்ளி வைக்கமாட்டேன். சின்ன வட்டம் போட்டு, மூடாம விட்டுடுவேன். கொசு மருந்து அடிக்கற கைப்பம்புல அடிக்கறதால ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருக்கும். இவன் டப்பா ஸ்ப்ரே. வழுவழுன்னு இருக்கு."

"இதெல்லாம் நீ மாத்தி எழுதினதா போலீஸ் சொல்லும்."

"ஆளு குடியிருக்கற சுவத்துல நான் எழுதமாட்டேனுங்க. அந்த வாட்ச்மேன் அண்ணனோட துணி காயற கொடிக்கயிறு போட்டோவுலயே தெரியுது பாருங்க. ஊடு, கோயிலு, பள்ளிக்கூடம், இதுல எல்லாம் கை வெச்சதே இல்லை."

"அப்ப எங்கதான் எழுதுவ?"

"ஜனங்க காத்திருக்கற எடத்துல. பஸ் ஸ்டாப்பு, ரேஷன் கடை எதிர்ல, ஆஸ்பத்திரி காம்பவுண்டு."

ஒச்சப்பன் இடையில் புகுந்தான். "ஊட்டியில சீசனுக்கு சுவரெல்லாம் வரையாடு, பூவுன்னு அழகா வரையறாங்களே. அங்க போய்ச் சேர்ந்திருந்தா மாலையாவது போட்டிருப்பாங்க."

"அது சுவருக்குப் பவுடர் போடறதுங்கண்ணா. டூரிஸ்ட்டு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுவான். கோயமுத்தூர்ல இருந்து பசங்க பைக்ல வருவாங்க. இங்கிலீஷ்ல பேரை எழுதி, காயறதுக்குள்ள போட்டோ எடுத்து போன்ல போட்டுடுவாங்க. கெட்டிக்காரங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. லவ்டேல் பக்கம் பாலத்துக்கு அடியில ஒருத்தன் ஒரு எழுத்து போட்டிருக்கான். அதைப் பாத்துட்டு ஒரு வாரம் நான் கையில பம்பே தொடல. ஆனா முக்காவாசிப் பேரு போட்டோவுக்காகத்தான் சுவத்துகிட்ட போறாங்க. நான் இதுவரைக்கும் ஒரு போட்டோ எடுத்ததில்லைங்க. எழுதப் போறப்ப போனை ஊட்டுல வெச்சிட்டுப் போயிடுவேன். சுவத்துல எழுதினது சுவத்துல இருந்தாப் போதும்."

"வந்தவன்னு ஏன்?"

விமல் புகைப்படத்திலிருந்து கண்ணை எடுத்தான்.

"நான் ஒம்பதாவது படிக்கறப்ப, எஸ்டேட்டுல நாங்க குடியிருக்கற லயத்து வரிசை ஊட்டுல கூரைத் தகரம் காத்துல பறந்துடுச்சு. அம்மாவும் நானும் ஆபீசுக்குப் போனோம். அங்க இருந்தவரு தலையை நிமித்தாமலே, 'வந்தவங்களுக்கு இவ்வளவு அவசரமா'ன்னாரு. அம்மா இலங்கையில இருந்து கப்பல்ல வந்தப்ப எட்டு வயசு. நான் பொறந்தது கோத்தகிரி ஆஸ்பத்திரியில. நான் எங்கிருந்து வந்தேன்? அன்னிக்கு அந்த ஆபீஸ் பின்சுவத்துல அடுப்புக்கரியால மொத தடவை எழுதினேன். மறுநாள் ஒரு ஆளை விட்டு, வாளித் தண்ணி வெச்சு அழிச்சாங்க. எங்களுக்காக அவங்க ஒரு ஆளை அனுப்பினது அன்னிக்குத்தாங்க."

ராஜகுமாரி கண்களைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க இருந்த?"

"மஞ்சூர்ல. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல, மண்சரிவுக்கு அப்புறம் புதுசாக் கட்டின தடுப்புச் சுவரு. மூடுபனி நல்லா எறங்கிடுச்சு. எறங்கினா ஊரே கண்ணை மூடிக்கும், அதுதான் எனக்கு நேரம். எழுதிட்டு பஸ் ஏறிட்டேன்."

"பாத்தவங்க?"

"யாராச்சும் பாக்கற மாதிரி எழுதினா நான் என்னங்க எழுதறவன்?"

"டிக்கெட்?"

"யாருங்க அதை வெச்சிருப்பாங்க?"

"கேமரா?"

"இல்லாத எடமாப் பாத்துதான் போவேன்."

ஒச்சப்பன் பெருமூச்சு விட்டான். "தம்பி, நீ கொஞ்சம் மோசமான எழுத்தாளனா இருந்திருந்தா இந்நேரம் ஊட்டுல இருந்திருப்ப."

"சுவரு இருக்குங்களே மேடம்" என்றான் விமல். "பச்சையில எழுதினேன். அது எங்கயும் ஓடிப் போகாது."

*

குன்னூர் டிங்கரிங் ஷாப்பின் உரிமையாளர் வேலுமணி, கையிலிருந்த பெயிண்ட்டைத் துணியில் துடைத்தபடி வெளியே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஷாப்பு லீவுதானுங்க. ஒரு கல்யாண ஜீப்புக்காகத் தொறந்தோம். மாப்பிள்ளை ஒரு பச்சை கேட்டாருங்க. கடையில இருக்கற எந்தப் பச்சையும் ஆகலைன்னுட்டாரு. நானே மஞ்சளும் வெள்ளையும் ஊத்தி ஊத்திக் கலந்தேன். இன்னொரு தடவை கலக்கச் சொன்னா எனக்கே வராதுங்க."

"கிளிப்பச்சையா?" என்றான் ஒச்சப்பன்.

"இல்லீங்க. மாங்கா. உப்பு, மொளகாப்பொடி தொட்டா வாயில எச்சில் ஊறுமே, அந்தப் பச்சை."

"எப்ப கலந்தீங்க?" என்றாள் ராஜகுமாரி.

"ஞாயித்துக்கிழமை காலையிலதானுங்க. மத்தியானத்துக்குள்ள அடிச்சு முடிச்சோம். மிச்சம் அரை மக்கு இருந்துச்சு. 'எடுத்துக்கட்டுமா'ன்னு விமல் கேட்டான். இவன் சுவத்துல எழுதற பையன்னு எனக்குத் தெரியுமுங்க, தெரியாத மாதிரி இருந்துக்குவேன். எடுத்துட்டுச் சாப்பிட்டுக் கிளம்பினான். அடுத்த நாள் விடிஞ்சா போலீஸ் புடிச்சிட்டாங்கன்னு போன் வருது."

ராஜகுமாரி அப்படியே நின்றாள். முதல் முறையாக அவள் உதட்டில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது.

"ஒச்சு, புரியுதா?"

"மாங்கா ஊறுகா போடலாம்னு புரியுது."

"ஞாயித்துக்கிழமை காலைக்கு முன்னாடி அந்தப் பச்சை உலகத்துலயே இல்லை. திங்கக்கிழமை விடிஞ்சதுல இருந்து விமல் வெளியவே இல்லை. மஞ்சூர் சுவத்துல அந்தப் பச்சை இருந்தா, நடுவுல இருக்கற அந்த ஒரு சாயங்காலம் அவன் மஞ்சூர்ல இருந்திருக்கான். கீழ் கோத்தகிரிக்கு அது மலையோட மறு கோடி. ஒப்பிட்டுப் பாக்க ஜீப்பும் இருக்கு."

ஒச்சப்பன் காரின் கதவைத் திறந்து பிடித்தான். "மாங்காயைச் சாட்சிக் கூண்டுல ஏத்தப் போற மொத ஆளு நீங்கதான் மேடம்."

*

ஒச்சப்பனின் பழைய மாருதி மஞ்சூர் ரோட்டின் வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறியது. பாதி வழியில் வக்கீல் ரவிச்சந்திரனிடமிருந்து போன் வந்தது. விமலுக்காக வாதாடுகிறவர் அவர். ராஜகுமாரியை இந்த வேலைக்கு அமர்த்தியதும் அவர்தான்.

"வாட்ச்மேன் போயிட்டாருங்க" என்றார். "இப்பதான் ஆஸ்பத்திரியில இருந்து சொன்னாங்க."

ராஜகுமாரி வண்டியை மெதுவாக ஓட்டும்படி ஒச்சப்பனுக்குச் சைகை காட்டினாள்.

"இனிமே இது கொலைக் கேஸ். நாளைக்குக் காலையில அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு வர்றாங்க. அந்தச் சுவரோட போட்டோவும் கொஞ்சம் பெயிண்ட்டும் என் கைக்கு வந்தாகணும். அது இல்லாம நான் என்ன பேசினாலும் அது கதைதான்."

ராஜகுமாரி போனை வைத்தாள். பரமசிவனுக்கு இரண்டு பெண்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். யாரோ ஒருவன், யார் தலையிலாவது பழியைப் போட ஒரு சொல்லைத் திருடிக்கொண்டு போய், அந்த மனுஷனுடைய கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறான். கிடங்குக்குக் காப்பீடு இருந்தது, உள்ளே தேயிலை குறைவாக இருந்தது என்றெல்லாம் ஊரில் பேச்சிருந்தது. பேச்சைக் கோர்ட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

மஞ்சூர் வந்தது. பஸ் ஸ்டாண்டு, எதிரே ரோட்டைத் தாங்கி நிற்கும் புதுக் கல் சுவர். விமல் சொன்ன இடம்.

ராஜகுமாரி காரிலிருந்து இறங்கி அதன் முன்னால் போய் நின்றாள்.

"சுவரு இருக்கு மேடம்" என்றான் ஒச்சப்பன். "எழுத்துதான் லீவு போட்டுட்டு எங்கயோ போயிருக்கு."

சுவரில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதிலும் ஒரு வித்தியாசம் இருந்தது. மற்ற கல்லெல்லாம் மழையிலும் புகையிலும் லேசாகக் கறுத்திருக்க, நடுவில் ஒரு பெரிய பரப்பு மட்டும் நேற்று உடைத்த கல்லைப் போல வெளுத்திருந்தது. யாரோ தேய்த்திருக்கிறார்கள். சும்மா தேய்க்கவில்லை, கல்லின் மேல்தோல் போகும்வரை தேய்த்திருக்கிறார்கள்.

ஒச்சப்பன் முட்டி போட்டுக் கல்லிடுக்குகளில் தேட ஆரம்பித்தான். கடைசியில் சிமென்ட் விரிசலுக்குள் கடுகளவு ஒரு பச்சைத் துணுக்கு கிடைத்தது. அதை நகத்தில் ஏந்திக் காட்டினான். கடுகளவு பச்சையை வைத்துக்கொண்டு ஒரு சொல்லை எப்படி நிரூபிப்பது?

"ஏனுங்க, என்னத்தத் தேடறீங்க?"

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். கடை அவளுடையது. பெயர் ஆண்டாயி என்று பிறகு சொன்னாள்.

"இந்தச் சுவத்துல ஏதோ எழுதியிருந்ததாமே அக்கா?"

"ஆமாங்க. திங்கக்கிழமை கடை தொறக்க வந்தப்ப பாத்தேன். பச்சையில பெருசா இருந்துச்சு. எனக்குப் படிக்க வராதுங்க. பளிச்சுனு நல்லாத்தான் இருந்துச்சு. அன்னிக்குப் பூரா இங்க மூடாப்பு, எதிர்ல நிக்கற பஸ்சே தெரியல. கிட்ட போனவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."

"யாரு அழிச்சது? பஞ்சாயத்து ஆளுங்களா?"

"இல்லீங்க. மத்தியான பஸ்சுல ஒரு அம்மா வந்து எறங்கினாங்க. பையில மண்ணெண்ணெய் பாட்டிலு, கம்பி பிரஷ்ஷு, சாக்குத்துணி. நேரா சுவத்துகிட்ட போயி தேய்க்க ஆரம்பிச்சவங்கதான். பெயிண்டு சரியாக் காயல போலிருக்கு, ஈரக்கல்லு வேற. உரிஞ்சு உரிஞ்சு வந்துச்சு. அழுதுட்டே தேய்ச்சாங்க. பாவமா இருக்குதேன்னு டீ கொண்டுபோய்க் குடுத்தேன்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். பதிலே சொல்லல. டீயைக் குடிச்சிட்டு, 'தேத்தண்ணி நல்லாருக்கு புள்ள'ன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் மறுபடியும் தேய்க்கப் போயிட்டாங்க."

"இதையெல்லாம் யாராச்சும் போட்டோ எடுத்தாங்களா அக்கா?" என்றான் ஒச்சப்பன்.

"அந்தப் பனியில கையை நீட்டினா கையே தெரியாது. இதுல போட்டோவா?"

ராஜகுமாரி திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

"எங்க மேடம்?"

"தேத்தண்ணின்னு யாரு சொல்லுவாங்க ஒச்சு?"

ஒச்சப்பன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இலங்கையில இருந்து வந்தவங்க சொல்லு..." அவ்வளவுதான். மீதியை விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

*

கீழ் கோத்தகிரியை அடைந்தபோது கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விமலின் அம்மா மருதாயி தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தபடி வாசலுக்கு வந்தாள். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த பெண். வக்கீல் அனுப்பிய ஆட்கள் என்றதும் முந்தானையால் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

ராஜகுமாரி அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கிறவர்களின் விரல் கறுத்திருக்கும். இவள் விரலும் கறுத்துத்தான் இருந்தது. நகக்கண்களில் மட்டும் தேயிலைக்கு இல்லாத ஒரு பச்சை ஒட்டியிருந்தது. விரல் நுனிகள் புண்ணாகியிருந்தன.

"கையில என்னங்கம்மா?"

மருதாயி கைகளைப் பின்னால் மறைத்தாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க எம்புள்ளைக்காகப் பேசற ஆளுங்க. உங்ககிட்ட சொன்னா என்ன. திங்கக்கிழமை ஸ்டேஷன்ல கொஞ்ச நேரம் பாக்க விட்டாங்கம்மா. பக்கத்துலயே போலீஸ்காரரு நிக்கிறாரு. பொடியன் முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. ஒண்ணுமே பேசல. நான் கெளம்பறப்ப மெல்ல, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, 'அம்மா, மஞ்சூரு பஸ் ஸ்டாண்டு எதிர் சுவரு. பாத்துக்க'ன்னான்."

ஒச்சப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. ஒரு சுவத்துல எழுதினதுக்கே இந்த அடி அடிச்சிருக்காங்க. இன்னொரு சுவரு கையில கெடைச்சா எம்புள்ளைய உசுரோட விடுவாங்களா? ஊட்டுக்கு வந்து மண்ணெண்ணெயை எடுத்துட்டு நேரா பஸ் ஏறிட்டேன். ஒரு பொட்டு விடாம தொடச்சிட்டேம்மா. கைய வெச்சுத் தடவிக்கூடப் பாத்தேன்." அவள் முகத்தில் களைப்பையும் மீறி ஒரு பெருமிதம் தெரிந்தது. "வக்கீல் மாதிரி பேச எனக்குப் படிப்பா இருக்கு? யாரையாச்சும் தெரியுமா? எம்புள்ளைக்காக என் கையால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான்."

"அம்மா, தம்பி சொன்னது..." என்று ஒச்சப்பன் ஆரம்பித்தான்.

ராஜகுமாரி அவன் காலை மிதித்தாள்.

"அதுக்கப்புறம் விமலைப் பாத்தீங்களா?"

"எங்க விடறாங்க? நாளைக்குக் கோர்ட்டுல பாக்கலாம்னாங்க."

"கோர்ட்டுக்கு வாங்க" என்றாள் ராஜகுமாரி. பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகும் ஒச்சப்பன் வண்டியை எடுக்கவில்லை.

"பாத்துக்கன்னா பத்திரமா பாத்துக்கன்னு அர்த்தம். யாரும் அழிச்சிடாம பாத்துக்கன்னு..." அவன் குரல் உடைந்தது. "பக்கத்துல போலீஸ் இல்லைன்னா இன்னும் நாலு வார்த்தை சேத்துச் சொல்லிருப்பானே மேடம்."

ராஜகுமாரி கண்களை மூடியிருந்தாள். இந்த முறை எதையும் கேட்பதற்காக அல்ல.

*

மறுநாள் காலை கோர்ட் வராந்தாவில் வக்கீல் ரவிச்சந்திரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு வழி இருக்குங்க. அந்த அம்மாவைச் சாட்சியாப் போடலாம். திங்கக்கிழமை மகனோட பச்சை எழுத்தை அங்க பாத்தேன்னு சொல்லட்டும். டீக்கடைக்காரம்மா அதுக்கு ஒத்துச் சொல்லட்டும். நீங்க எடுத்த துணுக்கை ஜீப்போட ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லிக் கேப்போம்."

"அது போதுமா?"

"பெத்த தாய் மகனுக்காகச் சொல்ற சாட்சி. எதிர்த்தரப்பு எந்திரிச்சு மொதக் கேள்வியா 'யாரு அழிச்சது'ன்னு கேப்பாங்க. 'நான்தான்'னு சொல்லணும். தடயத்தை அழிச்சாங்கன்னு அந்த அம்மா மேலயே கேஸ் போடலாம். எப்படியும் இன்னிக்கு ஒண்ணும் நடக்காது. ஆனா மகனைக் காப்பாத்த இருக்கறது அந்த ஒரு நூல்தான். நீங்களே அவன்கிட்ட கேட்டுடுங்க. எனக்கு வாய் வராது."

போலீஸ் வேனிலிருந்து இறக்கி வந்த விமலை வராந்தா ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். காவலுக்கு நின்ற ஏட்டு ராஜகுமாரியிடம் முன்பு வேலை பார்த்தவர். இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"சுவரு பாத்தீங்களா மேடம்?" என்றான் விமல். கண்களில் அப்படி ஒரு நம்பிக்கை. "பச்சை எப்படி வந்திருக்கு? கல்லு ஈரமா இருந்துச்சு, புடிச்சிருக்குமோ இல்லையோன்னே இருந்தேன்."

ராஜகுமாரி சொன்னாள். சுற்றி வளைக்காமல், முழுவதையும் சொன்னாள். ஸ்டேஷன், பாத்துக்க, மண்ணெண்ணெய், கம்பி பிரஷ், விரல் நுனிப் புண்.

விமல் சுவரில் சாய்ந்து நின்றான். மிதிபட்ட ஆள் மூச்சு வாங்குவதைப் போல அவன் தோள்கள் மட்டும் ஏறி இறங்கின.

"ஒண்ணுமே மிச்சம் இல்லைங்களா?"

"கடுகளவு ஒரு துணுக்கு."

"அம்மா எந்த வேலையும் அரைகுறையாச் செய்யமாட்டாங்க" என்றான். சொல்லிவிட்டு நிமிர்ந்தான். "அவங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லல."

வக்கீல் சொன்ன வழியை அவள் விளக்க ஆரம்பித்தாள். பாதியிலேயே அவன் தலையை ஆட்டிவிட்டான்.

"வேண்டாங்க மேடம்."

"விமல், இது கொலைக் கேஸ்."

"தெரியுமுங்க. ஆனா அவங்களைக் கூண்டுல ஏத்தி, 'நீதான் உம் மகனைக் காப்பாத்த இருந்ததை அழிச்ச'ன்னு ஒருத்தர் எல்லார் முன்னாடியும் சொல்றதை நான் நின்னு கேக்கணுமா? அப்புறம் நான் வெளிய வந்து என்ன பண்ணப் போறேன்? அதைக் கேட்டுட்டு அவங்க இருக்கமாட்டாங்க. வேற ஏதாச்சும் பாருங்க. எழுதினவனைக் கண்டுபுடிங்க."

"கண்டுபிடிக்கறேன்" என்றாள் ராஜகுமாரி. எப்படி என்று அவனும் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

விமலின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மருதாயி கடைசி பெஞ்சில், இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விமல் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள். யாரோ உட்காரச் சொன்னார்கள். வாட்ச்மேன் இறந்ததை போலீஸ் தரப்பு சொன்னது. காவலை நீட்டிக்கக் கேட்டார்கள். ரவிச்சந்திரன் எழுத்தின் பாணி வேறு, பெயிண்ட் வேறு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். குரலில் பலமே இல்லை.

மாஜிஸ்திரேட் விமலைப் பார்த்தார்.

"அன்னிக்கு சாயங்காலம் நீ வேற இடத்துல இருந்ததா உங்க வக்கீல் சொல்றார். எங்க இருந்தேப்பா? நீயே ஏதாவது சொல்லணுமா?"

விமல் வாயைத் திறந்தான். அவன் பார்வை ஒரு கணம் கடைசி பெஞ்சுக்குப் போனது. மருதாயி யாருக்கும் தெரியாமல் இடவலமாகத் தலையை அசைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே.

"ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றான் விமல்.

காவல் நீட்டிக்கப்பட்டது. எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வேனை நோக்கி நடந்தபோது அவன் திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அதே பாக்கெட் சாம்பார்ச் சிரிப்பு அல்ல. ரொம்பக் கஷ்டப்பட்டு வரவழைத்த, ஒரு சின்னப் பையனின் சிரிப்பு.

ஒச்சப்பன் கார் நிற்கும் பக்கமாகப் போய்விட்டான். அங்கே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மருதாயி ராஜகுமாரியின் பக்கத்தில் வந்து, அவள் கையைத் தன் புண்பட்ட கைகளுக்குள் எடுத்து அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றாலும் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"மஞ்சூரு பேச்சே எழல, பாத்தீங்களாம்மா?" என்றாள், மிகத் தணிந்த குரலில். "அவங்க யாருக்கும் தெரியவே இல்ல."

வேன் வாசலைத் தாண்டித் திரும்பியது.

"ஆமாங்கம்மா" என்றாள் ராஜகுமாரி. "யாருக்கும் தெரியல."